கொடுப்பவர் யார்? பெறுபவர் யார்?

தானம் என்றும் தருமம் என்றும் உபகாரம் என்றும் பேசப்படும் இடங்களிலெல்லாம், கொடுப்பவர் உயர்ந்த இடத்திலும் பெறுபவர் தாழ்ந்த இடத்திலும் நிற்பதாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். படித்தவர் பாமரருக்குக் கொடுக்கிறார். பட்டணத்தார் தோட்டத்தாருக்குக் கொடுக்கிறார். வைத்தியர் நோயாளிக்குக் கொடுக்கிறார். இவ்வாறு எண்ணுவதில் படித்தவர்களுக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. ஆனால் இவ்வெண்ணம் எல்லா இடத்திலும் உண்மைதானா என்று நிதானமாக யோசித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. சர்வகலாசாலை மாணாக்கர்கள் விடுமுறைக் காலத்தில் பெறும் ஆராய்ச்சிப் பயிற்சியை, அதிலும் புற்றுநோயை வருமுன் தடுப்பதற்கான ஆராய்ச்சிப் பயிற்சியை முன்வைத்து, இவ்விஷயத்தை இங்கே சற்று ஆராய விரும்புகிறோம்.

இப்பயிற்சி யாது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் நிலையம் போன்ற பெரிய ஸ்தாபனங்கள், கோடை விடுமுறையில் மாணாக்கர்களைச் சில வாரங்கள் தம்மிடம் வைத்துப் பழக்கி வந்திருக்கின்றன. மாணாக்கர் ஒருவர் தேர்ந்த ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் அமர்ந்து, சிறு கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு விடை தேடக் கற்றுக்கொள்கிறார். ஆய்வுக்கூடத்தில் இரத்தத்தையும் திசுவையும் பரிசோதிப்பவர் சிலர். புகைப்பவர் ஏன் புகைக்கிறார், விட நினைத்தவரால் ஏன் விட முடியவில்லை என்று மக்களிடம் கேட்டு எழுதுபவர் சிலர். எழுதி வந்ததைக் கணக்கிட்டு உண்மை காண்பவர் சிலர். முடிவில் தாம் கண்டதை எழுதி ஒரு சபையில் வாசிக்கின்றனர்.

நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆயினும் நீண்ட விடுமுறை உண்டு. அவ்விடுமுறையில் மாணாக்கர் பயிற்சிக்குச் செல்லும் வழக்கமும் உண்டு. பினாங்குத் தீவிலே 1969-இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. புற்றுநோய்க்கென்றே 1976-இல் ஏற்பட்ட மவுண்ட் மிரியம் மருத்துவமனை இருக்கிறது. நீரிணைக்கு இப்பால், செபராங் பிறையில், செம்பனைத் தோட்டங்களும் அவற்றின் லயங்களும் இருக்கின்றன. படிப்பவருக்கும் படிக்கப்படுபவருக்கும் இடையே இருப்பது ஒரு பாலமும் ஒரு படகுத் துறையுமேயாகும்.

இப்பயிற்சி வேண்டும் என்பதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. புற்றுநோய்களில் நூற்றுக்கு 30 முதல் 50 வரை தடுக்கக் கூடியவை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஈரலைத் தாக்கிப் புற்றுக்குக் காரணமாகும் 'ஹெப்பாடைட்டிஸ் பி' கிருமிக்கு எதிராக மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டு வருகிறது. கருப்பையின் வாயில் புற்று உண்டாக்கும் கிருமிக்கு எதிராக 2010 முதல் பள்ளி மாணவியருக்கு ஊசி போடும் திட்டம் தொடங்கிற்று. இவையெல்லாம் பல நாடுகளில் பல பேர் பொறுமையாகக் கேட்டும் எண்ணியும் கண்டவற்றின் பயனே. மேலும், நோயைத் தீர்த்த வைத்தியரை ஊர் கையெடுத்துக் கும்பிடும்; நோய் வராமற் செய்தவரை ஒருவரும் அறியார். வராத நோய்க்கு நன்றி சொல்வார் யார்? புகழ் கிடைக்காத இவ்வேலைக்குத் தம் விடுமுறையைக் கொடுக்க முன்வரும் இளைஞரை நாம் பாராட்டவே செய்கிறோம். நம் கேள்வி அவர்களுடைய நல்லெண்ணத்தைப் பற்றியதன்று. அவர்களுடைய கடனைப் பற்றியது.

நிற்க. பினாங்கிலே இருந்துகொண்டு புற்றுநோய்த் தடுப்பைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் நினைக்க வேண்டியது இத்தீவின் பெயரையே. 'பினாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாக்கு என்பது பொருள். மாநிலத்தின் கொடியில் நடுநாயகமாக நிற்பதும் பாக்கு மரமே. பெண் கேட்பதைக் குறிக்கும் 'மெமினாங்' என்ற மலாய்ச் சொல்லும் இப்பாக்கிலிருந்து பிறந்ததுதான். தமிழரைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. பெண் உறுதி செய்யத் தாம்பூலம், கலியாணத்துக்கு அழைக்க வெற்றிலை பாக்கு, கோயில் தட்டில் வெற்றிலை பாக்கு, வந்தவரை வழியனுப்பவும் வெற்றிலை பாக்கு. இவ்வாறு மங்கலங்களுக்கெல்லாம் முன் நிற்கும் பாக்கைத்தான், உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் வெளியிட்டது. புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைப் பற்றி 1985-இலேயே அது இவ்வாறு கூறிவிட்டது. 'நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் இப்போது இடமில்லாமற் போயிற்று.

மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தாரினும் இந்தியரிடையே, அவருள்ளும் பெண்களிடையே மிகுதி என்பது வைத்திய உலகம் நெடுநாளாக அறிந்த செய்தி. அதனாலேயே சுகாதார அமைச்சு 1997 முதல், தோட்டப்புறம் போன்ற இடங்களுக்குப் பல் வைத்தியர்களை அனுப்பி, வாயைப் பரிசோதித்து முன்கூட்டியே கண்டுபிடிக்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. இந்நோயின் வஞ்சகம் என்னவெனில், தொடக்கத்தில் அது வலிப்பதில்லை. கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டாகவோ சிவப்புத் திட்டாகவோ இருக்கும். வலியில்லாத ஒன்றுக்காக ஒருநாட் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக எந்தத் தொழிலாளிக்கு மனம் வரும்? விடியுமுன் பெரட்டுக்கு வந்து, வெறும் வயிற்றோடு காட்டுக்குள் போய், உதிரிப் பழம் பொறுக்கிக் குனிந்து நிமிரும் பெண்ணுக்கு வெற்றிலை என்பது வெறும் பழக்கமன்று. அது பசியைத் தள்ளிப்போடுவது, தூக்கத்தைக் கலைப்பது, பல்வலியை மறக்கச் செய்வது, பக்கத்தில் வேலை செய்பவளோடு பகிர்ந்துகொள்வது. இவற்றையெல்லாம் அறியாமல் 'வெற்றிலையை விடு' என்று சொல்வது எளிது. இவற்றை அறிய வேண்டுமானால் அவளிடம் கேட்க வேண்டும். எனவே மாணாக்கர்கள் கேட்க வருகிறார்கள்.

அவர்கள் வரும்போது நடப்பது யாது? ஒரு நாள் முன்னதாக ஆபீசுக்குச் செய்தி வருகிறது. கிராணியானவர் பெரட்டில் நின்று, 'படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள், கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்' என்று சொல்கிறார். சாயங்காலம் ஆபீசு வாசலில் தொழிலாளர் வரிசையாக உட்காருகின்றனர். மாணாக்கர் ஒரு தாளை நீட்டி, 'இது உங்கள் சம்மதத்தைக் காட்டுவது. விருப்பமில்லையேல் மறுக்கலாம்' என்கிறார். ஒருவரும் மறுப்பதில்லை.

இவ்விடத்தில் நம்மைப் போன்ற கிராணிகளுக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. செக்ரோலில் பேர் போடுகிறவர் பக்கத்தில் நிற்கும்போது தொழிலாளி சொல்லும் 'சரிங்க' என்ற சொல்லுக்கு விலை மிகக் குறைவு. அந்தச் 'சரிங்க' நாளை நல்ல நிரை கிடைக்க வேண்டுமென்பதற்காகச் சொல்லப்படுவது. வம்பு வேண்டாம் என்பதற்காகச் சொல்லப்படுவது. பெர்மிட்டில் வந்திருக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளியாக இருந்தாலோ, அவர் சொல்லும் 'சரி'யில் பயம் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. சம்மதத் தாளோ மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. பள்ளியில் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் ஆங்கிலத்திலேயே படித்த நமக்கே அதன் வாசகம் இரண்டாம் முறை படித்த பிறகுதான் விளங்கிற்று என்றால், பால்வெட்டிலும் செம்பனையிலும் ஆயுளைக் கழித்த மூதாட்டிக்கு அது என்னவாக விளங்கியிருக்கும்? மறுக்க முடியாத இடத்தில் கேட்டுப் பெற்ற சம்மதம் சம்மதம் ஆகுமா என்று கேட்கிறோம்.

இதனினும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டு இவ்விதம் ஒரு கூட்டம் வந்தபோது, அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி நம்மிடம் வந்து, "போன வருசம் வந்த பிள்ளை என் வாயை வெளக்குப் புடிச்சுப் பாத்துட்டு எழுதிக்கிட்டுப் போச்சுங்களே, கிராணி ஐயா! என்னா எழுதுச்சுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றார். வந்திருந்த மாணாக்கர்களுக்கு அது தெரியவில்லை. அவர்கள் வேறு, சென்ற ஆண்டு வந்தவர் வேறு. அத்தாள் பட்டணத்துக்குப் போயிற்று. அதிலிருந்த செய்தி ஓர் அட்டவணையில் ஓர் எண்ணாக ஆயிற்று. அவ்வெண்ணைக் கொண்டு ஒருவர் தம் பயிற்சியை முடித்தார். அந்த மூதாட்டிக்கு மாத்திரம் தன் வாயில் என்ன இருக்கிறது என்று ஓராண்டாகத் தெரியாது. அந்த அம்மாள் கோபப்படவில்லை. குறை கூறவும் இல்லை. கேட்டது ஒரே கேள்வி. அக்கேள்வியிலே இவ்விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று கருதுகிறோம்.

திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. கைம்மாறு கருதாது ஊருக்கு உதவுவதைப் பற்றியது அது. 'செய்ந்நன்றியறிதல்' என்று வேறோர் அதிகாரமும் இருக்கிறது. பெற்ற உதவியை மறவாதிருப்பதைப் பற்றியது அது. மேடைகளிலே பேசுபவர் முதல் அதிகாரத்தைப் படித்தவனுக்கும், இரண்டாவதை ஏழைக்கும் ஒதுக்கிவிடுவது வழக்கம். 'மாணாக்கரே, ஏழைகளுக்கு உபகாரம் செய்யுங்கள். ஏழைகளே, நன்றியோடு இருங்கள்' என்பார்கள். ஆனால் ஆராய்ச்சிப் பயிற்சியில் உண்மையாக நடப்பதைப் பாருங்கள். தன் பொழுதைக் கொடுப்பவள் தொழிலாளி. தன் வாயைத் திறந்து காட்டுபவள் அவள். தன் வீட்டுச் சங்கதியை, புருஷன் குடிப்பதை, தான் பட்டினி கிடப்பதை, அந்நியர் ஒருவரிடம் சொல்பவள் அவள். இவற்றுக்கு யாதொரு கைம்மாறும் அவள் கேட்பதில்லை. பயிற்சியும், பட்டமும், உத்தியோகத்துக்கு ஒரு படியும் பெறுபவர் மாணாக்கர். ஆகவே இங்கே ஒப்புரவு செய்தவள் லயத்துப் பெண்; நன்றி அறிய வேண்டியவர் சர்வகலாசாலை மாணாக்கர். இரண்டு அதிகாரங்களையும் இடம் மாற்றிப் படிக்க வேண்டியிருக்கிறது என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

'இது மிகைப்பட்ட பேச்சு. ஆராய்ச்சியால் வரும் பயன் எல்லாருக்கும் பொது. அத்தொழிலாளிக்கும் அதில் பங்கு உண்டு' என்று சிலர் சொல்லலாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. இதனை நிறுத்துப் பார்க்க நம் நாட்டுச் சரித்திரமே போதும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானவரைக் கொன்றுவந்தது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் அதற்குப் பெரிதும் இரையாயினர். தமிழ்த் தொழிலாளருக்கோ அது அவ்வளவாக வருவதில்லை. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. பிராட்டன் என்னும் வைத்தியர் இதனைக் கவனித்து, நோய்க்குக் காரணம் அரிசியே என்று 1907-இல் ஒரு நூல் எழுதினார். ஆக, நாம் பெருமையோடு நினைவுகூரத் தக்க செய்தி ஒன்றுண்டு: இந்நாட்டில் நோய்த் தடுப்பு ஆராய்ச்சிக்கு முதற் சான்றுகளில் ஒன்று தமிழ்க் கூலியின் சோற்றுப் பானையிலிருந்து கிடைத்தது.

அரிசிதான் காரணம் என்பது அன்று நிலைநாட்டப்படவில்லை. அதனைச் சோதிப்பதற்காக வில்லியம் பிளெட்சர் என்னும் வைத்தியர் 1905-இல் கோலாலம்பூர்ப் பைத்திய ஆஸ்பத்திரியில் இருந்தவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துவந்தார். ஓராண்டிலே பச்சரிசிப் பிரிவில் பலருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் நோய் பரவவில்லை. பின்னர் 1907-இல் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலானில் சாலை போட்ட சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரைக் கொண்டு அதனை மீண்டும் சோதித்து உறுதி செய்தனர். இச்சோதனைகளால் பிற்காலத்தில் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன என்பதை மறுக்க நாம் வரவில்லை. அவ்வைத்தியர்களைக் கொடியவர் என்று தூற்றவும் வரவில்லை. பச்சரிசி அன்று பலரும் உண்ட உணவே. ஆனால் புத்தி கலங்கிய அந்நோயாளிகள் 'எனக்கு இந்த அரிசி வேண்டாம்' என்று சொல்லக்கூடிய நிலையிலா இருந்தார்கள்? வந்த பயன் பொதுவாயிற்று. கொடுத்த விலை பொதுவாகவில்லை. விலை கொடுத்தவர் அந்த 18 பேர். வைத்திய நூல்களில் பிளெட்சரின் பெயர் இருக்கிறது; அவர்கள் இருப்பது ஓர் எண்ணாகவே.

புற்றுநோய் ஆராய்ச்சியிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி கருப்பை வாய்ப் புற்றால் இறந்தார். அவரைக் கேளாமலே எடுக்கப்பட்ட அவருடைய உயிரணுக்கள் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்பட்டு, எண்ணற்ற கண்டுபிடிப்புகளுக்கு உதவின. அவற்றை விற்றுப் பொருளீட்டினவரும் உண்டு. அவர் குடும்பத்தாருக்கோ இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தியே தெரியாது. பொருளீட்டிய ஒரு கம்பெனியோடு வழக்காடி அவர்கள் சமாதானம் பெற்றது 2023-ஆம் ஆண்டில்தான்.

ஜெர்மானியத் தத்துவ ஞானியாகிய காண்ட், எந்த மனிதரையும் பிறருடைய காரியத்துக்கு வெறும் கருவியாக மாத்திரம் கொள்ளலாகாது என்பதை ஒழுக்கத்தின் அடிப்படையாக 1785-இல் வகுத்துச் சொன்னார். 'மாத்திரம்' என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். ஒருவரையொருவர் பயன்படுத்திக்கொள்ளாமல் உலகம் நடவாது. மாணாக்கர் தொழிலாளியிடம் கற்பதில் குற்றமில்லை. கற்றபின் அவளை மறந்துவிடுவதிலேதான் குற்றம் இருக்கிறது.

இன்னும் சிலர், 'மாணாக்கர் கற்றுக்கொள்ளத்தானே வந்தார்? எட்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறவர் மேல் இவ்வளவு பாரத்தைச் சுமத்தலாமா?' என்பார்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் கற்காத கடனை உத்தியோகத்தில் அமர்ந்தபின் எவர் கற்றுக்கொள்வார்? பழகும் கையில் பதிந்ததே பழகிய கையில் நிற்கும். தவிரவும், எட்டு வாரத்தில் ஒருவரால் முடியாததை அவரை அனுப்பிய ஸ்தாபனம் செய்யலாம். மாணாக்கர் மாறலாம், ஸ்தாபனம் மாறுவதில்லை.

மூன்றாவதாக ஓர் ஆட்சேபம் உண்டு. 'சொன்னாலும் இவர்களுக்கு விளங்காது' என்பது அது. இதற்குக் கேரளத்திலிருந்து பதில் கிடைக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பல் வைத்தியர்கள் எர்ணாகுளம் முதலிய மாவட்டங்களில் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தனர். ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடவில்லை. பத்தாண்டுக் காலம் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தனர். அடுத்து, புகையிலைப் பழக்கமுள்ள 36,000-க்கும் மேற்பட்டவரைப் பரிசோதித்து, பழக்கத்தை விடும்படி அவரவருக்கு விளங்கும் வகையில் எடுத்துச் சொல்லிவந்தனர். பலர் விட்டனர், வாயில் வெண்திட்டு உண்டாவதும் குறைந்தது என்று 1986-இல் வெளியிட்டனர். அந்தக் கிராமத்தார்க்கு விளங்கிற்று. நம் தோட்டத்தார்க்கு விளங்காதா?

அதன்பின் 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளைக் கொண்டு மிகப் பெரிய சோதனை ஒன்று தொடங்கிற்று. இதில் வாயைப் பார்த்தவர் வைத்தியர் அல்லர். சிறிது காலம் பயிற்சி பெற்ற பட்டதாரிகள்! ஏழு பஞ்சாயத்துகளில் மூன்றாண்டுக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் வாயைப் பார்த்தார்கள், ஆறில் பார்க்கவில்லை. புகையிலையோ மதுவோ பழகியவரிடையே, பார்க்கப்பட்ட இடங்களில் வாய்ப்புற்றால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 24 குறைந்திருந்தது. பயிற்சி பெற்ற இளைஞர் ஒரு கைவிளக்கைக் கொண்டு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் அந்த ஆறு பஞ்சாயத்துகளின் கதி என்ன என்று வாசகர் கேட்பார். 2006 முதல் 2009 வரை அவர்களுக்கும் ஒருமுறை அப்பரிசோதனை செய்யப்பட்டது. பத்தாண்டு தாமதம் என்று குறை சொல்பவர் சொல்லட்டும். அதற்கிடையே நோய் முற்றியவருக்கு அது பயன்படாது என்பதும் உண்மையே. எனினும் கடன் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அதில் ஒரு பகுதியையேனும் திருப்பிக் கொடுத்தார்கள். நம் நாட்டிலும் மலாயாப் பல்கலைக்கழகம் 2018-இல் தொடங்கிய 'ரோஸ்' திட்டத்திலே, பெண்கள் தாமே மாதிரி எடுத்துக் கொடுக்க, முடிவு அவர்கள் கைத்தொலைபேசிக்கே வந்து சேருகிறது. கொடுத்தவளுக்குப் பதில் வந்தாக வேண்டும் என்ற எண்ணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. மனம் இருந்தால் வழி இல்லாமல் இல்லை.

அப்படியாயின் மாணாக்கரின் கடன் யாது? நமக்குத் தோன்றுபவை நான்கு.

முதலாவது, ஆபீசு வாசலில் கேளாமல் லயத்திலே, கிராணியும் தண்டலும் இல்லாத நேரத்தில், அவரவர் மொழியில் கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்று சொல்பவருக்கு முகம் சுளிக்காமல் வணக்கம் சொல்லிவிட்டு வர வேண்டும். ஒருவரும் 'வேண்டாம்' என்று சொல்லாத இடத்தில் தம் கேள்வி முறையையே சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒருவர் வாயில் ஐயத்துக்குரிய திட்டு இருந்தால், அதை எழுதிக்கொள்வதற்கு முன் அவரிடம் சொல்ல வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த நாளில், யாரிடம் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்நாளின் சம்பளம் பிடிபடாமல் இருக்கத் தோட்ட நிர்வாகத்திடம் பேசவும் வேண்டும்.

மூன்றாவது, ஆராய்ச்சி முடிந்தபின் கண்டதைத் தமிழிலே ஒரு பக்கத்தில் எழுதி லயத்துக்கு அனுப்ப வேண்டும். சபையில் வாசித்த அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கட்டும். கொடுத்தவளுக்குச் சேர வேண்டிய கணக்கு அவள் மொழியில் இருக்க வேண்டும். நாள்தோறும் தொழிலாளியின் கணக்கை எழுதும் நமக்குத் தெரியும்: எத்தனை கிலோ, எவ்வளவு கூலி என்று கணக்குக் காட்டாத தோட்டத்தைத் தொழிலாளி நம்புவதில்லை. ஆராய்ச்சிக்கு மாத்திரம் வேறு நியாயம் எங்கிருந்து வந்தது?

நான்காவது, கேள்விகளையே நியாயமாக அமைக்க வேண்டும். வெற்றிலை போடுவீர்களா, புகைப்பீர்களா, குடிப்பீர்களா என்று நம் கண்ணிற்பட்ட தாள்கள் கேட்டன. என்ன மருந்து அடிக்கிறீர்கள், கையுறை கொடுத்தார்களா, குளிக்கத் தண்ணீர் உண்டா என்று கேட்ட தாளை நாம் கண்டதில்லை. களைக்கொல்லியாகிய கிளைபோசேட் மனிதருக்குப் புற்று உண்டாக்கக்கூடும் என்று, பாக்கைப் பற்றிச் சொன்ன அதே சர்வதேச நிலையம் 2015-இல் வகைப்படுத்தியது. அதைப் பற்றி விஞ்ஞானிகளிடையே விவாதம் இருக்கிறது, இருக்கட்டும். விவாதம் இருக்கிற விஷயத்தை ஆராய்வதுதானே ஆராய்ச்சி? தொழிலாளியின் பழக்கத்தை மாத்திரம் எண்ணி, அவள் வேலை செய்யும் நிலையை எண்ணாவிட்டால், நோய்க்கெல்லாம் காரணம் அவளே என்ற முடிவு ஆராய்ச்சி தொடங்குமுன்பே எழுதப்பட்டு விடுகிறது.

இவ்வளவும் மாணாக்கருக்குச் சொன்னபின், நம்மவருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. கேட்பவருக்குக் கடன் இருப்பதால் கேட்கப்படுபவருக்குக் கடனே இல்லை என்பது நம் கருத்தன்று. உண்மையைச் சொல்வதும், வெட்கப்படாமல் வாயைத் திறந்து காட்டுவதும், பெண் பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாளில் 'வேண்டாத வதந்தி' எதையோ நம்பி வீட்டில் நிறுத்திக்கொள்ளாமல் அனுப்புவதும் நம் பொறுப்பு. வெற்றிலை பாக்கை மரியாதையின் சின்னமாக வைத்திருக்கும் வழக்கத்தையும் நாம்தான் மாற்ற வேண்டும். ஒரு பொருள் உயிரைக் கெடுக்கும் என்று தெரிந்தபின்னும் அதைத் தட்டில் வைத்து விருந்தினருக்கு நீட்டுவது மரியாதையாகுமா? பழமும் பூவும் மரியாதைக்குப் போதாவா? முன்னோர் செய்தார்கள் என்றால், முன்னோர்க்கு இது தெரியாது, நமக்குத் தெரியும். தெரிந்தவர் செய்வதையும் தெரியாதவர் செய்ததையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பட்டணத்தில் வாழும் தமிழர்க்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகள் இன்று வைத்தியமும் விஞ்ஞானமும் படிக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் பெரும்பாலும் ஏதோவொரு லயத்திலே பிறந்தவர்களே. விடுமுறை வரும்போது அயல்நாட்டு ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தால் போகட்டும், கற்று வரட்டும். ஆனால் பாலத்தைத் தாண்டி இருக்கும் தோட்டத்திற்கும் ஒரு விடுமுறையைக் கொடுக்கட்டும். மொழி தெரிந்த ஒரு மாணவி லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து, 'அம்மா' என்று கூப்பிட்டுக் கேட்கும் கேள்விக்குக் கிடைக்கும் பதில், ஆபீசு வாசலில் கிடைப்பதினும் எவ்வளவோ உண்மையானது. அது ஆராய்ச்சிக்கும் நல்லது, ஆராயப்படுபவருக்கும் நல்லது.

நோயைத் தடுக்கும் வேலையில் நன்றி கிடையாது என்று முன்னே சொன்னோம். தடுக்கப்பட்ட நோயின் பெயரால் ஒருவரும் வந்து கும்பிடப் போவதில்லை. எனவே இவ்வேலைக்கு வருபவர் நன்றியை எதிர்பார்த்து வரக்கூடாது. நன்றியைச் செலுத்துவதற்காகவே வர வேண்டும். தம்மிடம் வாயைத் திறந்து காட்டினவளிடம், 'உன்னிடம் கற்றேன், கற்றது இது, உனக்குச் சேர வேண்டியது இது' என்று திரும்பி வந்து சொல்லும் மாணாக்கரே பயிற்சி பெற்றவர் ஆவார். அப்படித் திரும்பி வராதவர் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும், பயிற்சியில் பாதியையே முடித்தவர் என்பது நம் துணிபு.